இரவில் உறைந்த மருந்து

தடுப்பூசி மருந்தை வெப்பம் கெடுக்கும் என்பதை அனைவரும் அறிவர். குளிரும் கெடுக்கும் என்பதை, அதுவும் எவர் கண்ணிலும் படாமல் கெடுக்கும் என்பதை, ஒரு மார்கழி மாதத்தில் குளிர்பதன மெக்கானிக் ஒருவருடன் மலையடிவாரக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிரயாணம் செய்தபோது பிரத்தியட்சமாகக் கண்டேன்.

அங்கே இருந்தது ஐ.எல்.ஆர். எனப்படும், மேல்புறமாகத் திறக்கும் தடுப்பூசிக் குளிர்பதனப் பெட்டி. குளிர்ந்த காற்று கனமானதாகையால் மூடியைத் திறந்தாலும் அது அடியிலேயே தங்கும். சுவரைச் சுற்றியுள்ள பனிக்கட்டி உறை மின்சாரம் நின்ற வேளையிலும் குளிரைக் காக்கும். உள்ளே உஷ்ணநிலை 2 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 8 டிகிரியைத் தாண்டவும் கூடாது. மருந்தாளுநர் அம்மையார் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து, சிரத்தையோடு எழுதிவந்த பதிவேட்டில் 4, 5 என்ற எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் மருந்துகளுக்கு நடுவே கிடந்த டேட்டா லாகர் என்னும் சிறிய கருவி அபாய அறிகுறி காட்டியிருந்தது.

10 நிமிஷத்துக்கு ஒருமுறை உஷ்ணநிலையைக் குறித்துவைத்திருந்த அக்கருவியை மெக்கானிக் கணினியில் இணைத்தார். கம்ப்ரசர் ஓடுகையில் இறங்கியும் நிற்கையில் ஏறியும் ரம்பப் பற்களாகச் சென்றது கோடு. புதன்கிழமை முற்பகல்களில் தெரிந்த குறுகிய சிகரங்களை அவர் பொருட்படுத்தவில்லை; தமிழ்நாட்டில் அது தடுப்பூசி நாளாதலால், மூடி அடிக்கடி திறக்கப்பட்டதன் சுவடுகள் அவை. மணிக்கணக்காக மெல்ல ஏறியிருந்த ஓரிடத்தை மின்தடை என்று சொல்லிக் கடந்தார். நள்ளிரவுக்குப் பிந்திய பகுதியில்தான் அவர் விரல் நின்றது: பல இரவுகளில் கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, விடிந்தபின் மீண்டிருந்தது.

“கேஸ் போயிருந்தா இவ்வளவு குளிர் இறங்காது சார், கம்ப்ரசர் நிக்க வேண்டிய நேரத்துல நிக்கல,” என்றார். பின்பு அம்மையாரிடம், “மேடம், தெர்மோஸ்டாட்டை யாராச்சும் திருப்பினாங்களா?” என்று கேட்டு, இல்லையென்றதும் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். தெர்மோஸ்டாட்டின் உணர்குமிழ் கவ்வியிலிருந்து நழுவிக் கிடந்தது. குளிர் போதவில்லையென்று அது அறிவிக்க, இயந்திரம் வேண்டியதற்கு மேல் ஓடியிருக்கிறது. பகலில் அறையின் வெம்மையும் மூடி திறத்தலும் அதை ஈடுசெய்தன, மார்கழி இரவுகளில் ஈடுசெய்ய ஏதும் இல்லை. பழுதைக் கண்டுபிடித்த அந்தக் கைகளின் திறமைக்குச் சமமாக, பழுதல்லாதவற்றைக் கோட்டிலிருந்தே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்த அந்தத் தர்க்கத்தையும் நான் மதிக்கிறேன்.

ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் முதலிய மருந்துகளில் உள்ள அலுமினிய உப்பின் துகள்கள் உறைந்தால் திரண்டுவிடும்; உருகிய பின்னும் பழைய வீரியம் திரும்பாது. குப்பியின் மேலுள்ள வர்ண அடையாளமோ வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைதலைக் காட்டாது. ஆகவே, வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பி ஒன்றையும் சந்தேகத்துக்குரிய குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேஜைமேல் வைத்தார்கள். இரண்டிலும் வண்டல் ஒன்றுபோலவே விரைந்து படிந்தது. அம்மையார் ஒன்றும் பேசாமல் அந்த மருந்துகளைத் தனியே எடுத்து வைத்தார்.

அவர் எழுதிய எண்களில் ஒன்றும் பொய்யில்லை. இரவில் நடந்ததைக் காணத்தான் அப்பதிவேட்டுக்கு வழியில்லை. கருவி எல்லாவற்றையும் கண்டிருந்தும், அதை வாசிக்கத் தெரிந்தவர் வரும் வரை மருந்து உள்ளேயே இருந்தது. மாவட்டத்துப் பெட்டிகளையெல்லாம் ஒரு சில மெக்கானிக்குகளே கவனிக்கும் நிலையில், லாகரின் கோட்டை வாரந்தோறும் வாசித்தறியும் பயிற்சியை மருந்தாளுநர்களுக்கும் செவிலியர்களுக்கும் சுகாதார அதிகாரிகள் தாமதமின்றி அளிக்க வேண்டுகிறேன்.