கம்பி பிரஷ் வேண்டாம்

திருத்தணி

அன்புள்ள தம்பிக்கு,

கொள்ளுப்பாட்டியின் சமாதிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாமே? கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக வெயிலும் மழையும் தின்றது போக மிஞ்சிய எழுத்தடா அது. உனக்கு எப்போதுமே அவசரம்.

கல்லைத் தொடாமலே படித்துவிட்டேன், கேள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது செல்போனில் ஒரு படம். நிழல் நகர்வதற்குள், நாலு விரல் வலப்பக்கம் தள்ளி இன்னொன்று. இடக்கண்ணுக்கு இடப் படம், வலக்கண்ணுக்கு வலப் படம் என்று ஸ்டீரியோ கண்ணாடி வழியே பார்த்தால் கல்லின் மேடு பள்ளம் அப்படியே எழுந்து வருகிறது. வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1838இல் விளக்கிய முறைதான். ஒற்றைப் படத்தில் பாசிக் கறையும் எழுத்தும் ஒரே கருப்பு. இதில் கறை மேலேயே நின்றுவிடும், எழுத்து உள்ளே இறங்கும். படங்களை மட்டும் இடம் மாற்றி வைத்துவிடாதே, பள்ளமெல்லாம் மேடாகிவிடும்.

வருஷத்தின் பெயரில் 'பிலவ' வரைக்கும்தான் இதுவரை எல்லோரும் படித்தது. அதனால்தான் பாட்டி போனது 1901 என்று கணக்கு. அதையடுத்துச் சிதைந்து கிடப்பது 'ங்க'! பிலவங்க வருஷம், ஆடி மாசம். அப்படியானால் 1907. தாத்தா பிறந்தது 1900. அம்மா முகம் ஞாபகம் இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம், ஒரு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் என்று வாயை அடைத்தார்களே, அப்போது அவருக்கு ஏழு வயசு! சொன்னதும் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

நம்மூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் அபராஜித பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதற்கு மைப்படி எடுக்க, படிக்க, அச்சிட அறிஞர்கள் வந்தார்கள். நம் பாட்டியின் நாலு வரிக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பழவேற்காட்டுக்குப் போகும்போதும் இது நினைவிருக்கட்டும். அந்த டச்சுக் கல்லறைகள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. சாக்பீஸ், மாவு எதையும் தடவாதே. ரெண்டு ரெண்டு படமாக எடுத்துக்கொண்டு வா, போதும்.

ஆடிக் கிருத்திகைக்குக் கட்டாயம் வந்துவிடு. கொள்ளுத்தாத்தா கல்லையும் சேர்ந்தே எடுப்போம், ஸ்டாண்டை மறக்காதே. ராத்திரி கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இன்றைக்கே அப்பாவுக்கு போன் பண்ணு. தாத்தாவைப் பற்றிப் பேச அவருக்கு இப்போது ஆள் வேண்டும்.

அன்புடன்,
அக்கா