எண்ணில் வராத எட்டுப் பக்கங்கள்

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் தம்போய் என்பது ஊர்ப்பெயர் ஆவதற்கு முன்பே வசையாகிவிடும். பள்ளியில் எவனாவது கொஞ்சம் கிறுக்குத்தனம் செய்தால், "உன்னத் தம்போய்லதான் கொண்டுபோய்ச் சேக்கணும்" என்போம். பேராக்கில் இருந்து வந்த நண்பர்கள் இதே வசைக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பார்கள். 1937-இல் தம்போயில் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். பெர்மாய் என்றால் மலாயில் எழில். பெயரை மாற்றினார்கள், வசை அப்படியே இருக்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல் புழங்குவதில்லை. மாமா எங்களோடுதான் இருக்கிறார், அம்மாவின் தம்பி. முப்பது வயது வரை லாரி ஓட்டியவர். பிறகு காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. கோயில், மந்திரித்த கயிறு, ஒரு போமோ என்று எல்லா வாசலும் ஏறி இறங்கிய பின்புதான் மாத்திரைக்கு வந்தோம். அந்த வருடங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிஸ்பெரிடோன். குரல்கள் முழுவதும் போய்விடவில்லை, "தூரத்துல ரேடியோ ஓடற மாதிரி இருக்கு" என்பார். அந்தத் தூரம் போதும் என்று அம்மா சொல்வாள்.

ஒருநாள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா தம்பி, நீ இஞ்சினியர்தான? இத மொதல்ல யாரு கண்டுபுடிச்சா?"

செனாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் பின்னோக்கிப் போவதுதான் என் பிழைப்பு. எந்த லாட், எந்த ஷிஃப்ட், எந்த சப்ளையர் என்று ஒவ்வொரு படியாக இறங்குவோம். மாமாவின் கேள்விக்கும் அதே வழியில் இறங்கினேன்.

மேல்படி எளிது. ரிஸ்பெரிடோன் 1980-களில் பெல்ஜியத்தின் யான்சென் ஆய்வுக்கூடத்தில் உருவானது. அது மூளையில் முக்கியமாகத் தடுப்பது டோபமீனை. சரி, டோபமீன் முக்கியம் என்று எப்படித் தெரிந்தது? அதற்குச் சுவீடனின் ஆர்விட் கார்ல்சனிடம் போக வேண்டும். 1957-இல் அவர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். காது தொங்கி அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. பின்னால் பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சை, மனப்பிறழ்வு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்ற விளக்கம் எல்லாம் இந்த வரிசையில் வந்தன. 2000-இல் அவருக்கு நோபல்.

அப்படியானால் ரெசர்பின் எங்கிருந்து வந்தது? 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வேர் நம் பக்கத்துச் சர்ப்பகந்தா. தாவரவியலில் அதற்கு ரவுல்ஃபியா செர்பென்டினா என்று பெயர், 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரவுல்ஃபின் நினைவாக. அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! யார் பெயர் எங்கே ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது போல.

நான் இறங்கியதில் கடைசிப் படி கல்கத்தா. 1931-இல் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்ட்' இதழில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பக்கம் 194 முதல் 201 வரை, மொத்தம் எட்டே பக்கம். சர்ப்பகந்தா மனப்பிறழ்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து என்பதுதான் தலைப்பின் சாரம். வேர்ப்பொடி கொடுத்தால் அழுத்தம் இறங்குகிறது, கொந்தளிப்பில் இருப்பவர்கள் அமைதியாகிறார்கள் என்று எழுதினார்கள். உலகம் குளோர்ப்ரோமசீனைப் பார்ப்பதற்கு இருபத்தோரு வருடம் முன்பு இது. அதே 1931-இல் டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி இந்த வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் பெயரில் அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்புக் கோளாறு ஒன்றைக் கண்டறிய அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது.

இதை மாமாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவங்களுக்கு யாருடா சொன்னா?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த வேர் பீகாரில் 'பைத்தியத்துக்கு மருந்து' என்ற பெயரிலேயே காலங்காலமாக விற்கப்பட்டு வந்தது. விற்றவர்களுக்குப் பெயர் கிடையாது.

கல்கத்தாக் கட்டுரை வெளியாகியும் வெளியே ஒன்றும் நடக்கவில்லை. இந்தியாவுக்குள் சிலர் ஆராய்ந்தார்கள், மருத்துவர்கள் மருந்தாகவும் கொடுத்தார்கள், ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது ஏறக்குறைய இல்லாத கட்டுரை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்தம் உள்ள 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்த அனுபவத்தை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். அதே வேர்தான், இதழ் மட்டும் வேறு. அதைப் பார்த்துப் பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் சோதனையைத் தொடங்கினார், நோயாளிகள் அமைதியடைவதை அவரும் கவனித்தார். 1954-இல் நியூயார்க்கின் நேதன் கிளைன் தம் மனநல மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்து எழுதியது பெரும் பேச்சானது. 1957-இல் லாஸ்கர் விருது. கிளைனுக்கும் வக்கீலுக்கும் ஒரே மேடை. கிளைன் 1964-இல் வேறொரு மருந்துக்காக அதே விருதை இரண்டாம் முறையும் வாங்கினார். அந்த முறை கூட வேலை செய்த ஜாக் சாண்டர்ஸ் பரிசில் தனக்கும் பங்குண்டு என்று நீதிமன்றம் வரை போனார். வீட்டுமனைத் தகராறு மாதிரி.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் பெரிய கணக்குப் புத்தகத்தை, 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' என்ற பெயரில், யூஜீன் கார்ஃபீல்ட் 1960-களில் பிலடெல்பியாவிலிருந்து கொண்டுவந்தார். ஆய்வாளர்கள் எதிலிருந்து எதற்குப் போனார்கள் என்று தேடுவதற்கான கருவி அது. தேடக் கொடுத்ததை நாம் தராசாக்கிக்கொண்டோம். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இன்டெக்ஸைச் சேர்த்தார். குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்ட பத்துக் கட்டுரைகள் இருந்தால் உங்கள் எச் பத்து. சென்னும் போஸும் இந்த ஒரு கட்டுரையை மட்டுமே எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை லட்சம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவர்களின் எச் ஒன்றுதான். சூத்திரமே அப்படி.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. நான் படித்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் வருடக் கடைசியில் பேசுவது ஸ்கோப்பஸ் பற்றி மட்டும்தான். என் இறுதியாண்டுத் திட்டம் ஒரு மாநாட்டுக் கட்டுரையாக வந்தது. ஐந்து பெயர்கள், அதில் இருவரை நான் பார்த்ததே இல்லை. இன்றுவரை அதற்கு மூன்று மேற்கோள்கள், இரண்டு என் மேற்பார்வையாளருடையவை. அவர் நல்ல மனிதர், பதவி உயர்வுக்கு எண் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

மாமாவின் மாத்திரையிலிருந்து நான் இறங்கிவந்த பாதையில் ஒரு படி அடுத்த படியைத்தான் சுட்டுகிறது. ரிஸ்பெரிடோன் பற்றி இன்று எழுதுபவர் கல்கத்தாவைக் குறிப்பிடமாட்டார், அதற்கு அவசியமும் இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டால் அதன் மூலத்தை யாரும் சுட்டமாட்டார்கள். கரைந்து போவதும் ஒரு வெற்றிதான் என்றாகிறது. சென், போஸ் விஷயத்தில் என்னால் இதை முழுதாக ஏற்க முடியவில்லை. கரைவதற்கு முன் கொஞ்ச காலமாவது கண்ணில் பட்டிருக்க வேண்டுமே. 1931-க்கும் 1954-க்கும் நடுவில் உலகத்தின் மனநல மருத்துவமனைகளில் என்ன இருந்தது? பூட்டு, ஐஸ் தண்ணீர்க் குளியல், இன்சுலின் கோமா, பிறகு மண்டையைத் துளைக்கும் அறுவை. தம்போய் கட்டப்பட்டதே அந்த நடுவில்தான். அந்த எட்டுப் பக்கங்கள் சிங்கப்பூருக்கு ஒரு கப்பலில் வந்திருந்தால் என்று சில இரவுகளில் யோசிப்பேன். ரெசர்பின் தேவதை ஒன்றுமில்லை. அதன் பக்கவிளைவுகள் பெரிது, சிலரைச் சோர்வில் தள்ளியது என்ற சந்தேகமும் எழுந்தது, குளோர்ப்ரோமசீன் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. ஆனாலும் பூட்டைவிட மேல்.

எண் அதிகம் இருந்தால் மட்டும் என்ன வந்துவிடும் என்பதற்கும் இதே துறையில் கதை உண்டு. டேவிட் ஹீலியும் டினா கேட்டலும் 2003-இல், செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பற்றி வந்த கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்துக் கம்பெனிக்காக ஒரு விளம்பர எழுத்து நிறுவனம் ஒருங்கிணைத்த கட்டுரைகள் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். முதல் வகைக்கே மேற்கோள்கள் அதிகம், அவற்றில் கையெழுத்துப் போட்டவர்களும் ஏற்கனவே நிறைய எழுதிக் குவித்த பெரிய பெயர்கள். பெரிய பெயர், பெரிய இதழ், அதனால் மேலும் மேற்கோள். 1931-இல் அந்த இருவரிடம் இல்லாததெல்லாம் இதுதான்.

இன்னொன்று 'ஆய்வு 329'. பாரோக்செடின் என்ற மாத்திரையை 275 பதின்ம வயதினரிடம் சோதித்து, 22 பேர் பெயரில் 2001-இல் அமெரிக்காவின் குழந்தை மனநல இதழ் ஒன்றில் வெளியானது. மருந்து நன்றாகத் தாங்கப்படுகிறது, பயன் தருகிறது என்று முடித்தார்கள். முதல் வரைவை எழுதியது கம்பெனி அமர்த்திய எழுத்தாளர் என்பது பிறகு வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. 2012-இல் அந்தக் கம்பெனி, இந்த மாத்திரையைச் சிறாருக்கு விளம்பரப்படுத்தியது உட்படப் பல குற்றச்சாட்டுகளுக்காக அமெரிக்க அரசுக்கு 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் ஆய்வு 329-ஐ மேற்கோள் காட்டியிருந்தன, ஆதரவாகவும் எதிராகவும்.

2015-இல் வேறொரு குழு மூலத் தரவுகளைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டு 'பிஎம்ஜே' இதழில் வெளியிட்டது. மருந்தால் பயன் இல்லை, தற்கொலை எண்ணம் உள்ளிட்ட தீங்குகள் கூடின என்பது அவர்கள் முடிவு. மறுப்பதற்கு மூலக் கட்டுரையைச் சுட்டித்தானே ஆக வேண்டும். சுட்டினார்கள். ஆய்வு 329-இன் மேற்கோள் எண்ணிக்கையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.