சுவரொட்டி தந்த நோய்

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால் கொல்லிமலை கண்ணெதிரே நிற்கும். 1979ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பிற் பயின்றபோது, அம்மலையை நோக்கியவாறே பல மாலைப்பொழுதுகளைப் பேச்சின்றிக் கழித்தேன். பாடத்தில் கருத்துச் செல்லவில்லை, சோறு இறங்கவில்லை, தோழர் அழைத்தாலும் விளையாடச் செல்வதில்லை. கண்ணேறு பட்டதென்று அன்னையார் உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டார். என்னை வாட்டியது கண்ணேறன்று; ஒரு சுவரொட்டி.

பேருந்து நிற்குமிடத்துச் சுவரில் அஃது ஒட்டப்பட்டிருந்தது. உறக்கத்தில் விந்து வெளியேறும் இளைஞனுக்கு உடல் உருகும், நினைவாற்றல் குன்றும், இல்வாழ்வு வாய்க்காது என்றெல்லாம் அதில் அச்சிட்டிருந்தனர். வைத்தியர் இன்ன நாளில் இன்ன விடுதியில் தங்குவார் என்ற அறிவிப்பும் இருந்தது. எனக்கும் அவ்வாறு நேரத் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. யாரிடம் கேட்பேன்? சேர்த்துவைத்த பதினைந்து ரூபாயைக் கொடுத்து ஒரு குப்பி மருந்து வாங்கிவந்து, நெற்குதிருக்குப் பின்னால் ஒளித்தேன்.

குப்பியைப் பெரியப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிப்பார் என்று நடுங்கினேன். அவரோ என்னை அருகில் அமர்த்தி, “தம்பி, நீ திருடினாயா? பொய் சொன்னாயா? பின் ஏன் தலைகுனிகிறாய்?” என்றார். மறுநாளே என்னை நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்று ஒரு மருத்துவரிடம் காட்டினார்.

“பருவமெய்திய ஆணுடலில் உயிரணுக்கள் இடையறாது உண்டாகின்றன, உறக்கத்தில் அவை வெளியேறுவது இயல்பு. நாற்பது துளிக் குருதி ஒரு துளி விந்தாகிறது என்பது வெறும் நம்பிக்கை. நீ இளைத்தது அச்சத்தால். அச்சம் உன் பசியையும் உறக்கத்தையும் கெடுத்தது, அந்த இளைப்பையே நோயின் அடையாளமாகக் கொண்டு மேலும் அஞ்சினாய்” என்றார் மருத்துவர்.

நம் நாட்டு இளைஞரிடம் காணும் இவ்வச்சத்திற்கு மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் 1960ஆம் ஆண்டிலேயே ‘தாது’ என்னும் சொல்லைக்கொண்டு பெயரிட்டிருந்தார் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். இத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டமோ 1954இலேயே வந்துவிட்டது. சுவரொட்டியின் பசை சட்டத்தைவிட வலியது போலும்!

இரண்டாண்டு கழித்துத் தங்கை பூப்பெய்தினாள். பந்தலிட்டோம், மஞ்சள் நீராட்டினோம், சீர்த்தட்டுகளை எண்ணினோம். அக்குருதி எதனால் வருகிறது என்று அவளுக்குச் சொன்னவர் எவருமிலர். தான் இறந்துவிடப் போவதாக எண்ணி அன்றிரவு முழுதும் அழுததாகப் பல்லாண்டுகள் சென்றபின் என்னிடம் கூறினாள். கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் கழிந்து வெளியேறுகிறது என்னும் ஒரு வரி போதுமாயிருந்தது. நான் பட்ட பாட்டை மறந்து, நானும் வாளாவிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் நாணுகிறேன்.

மாணவர்களே, எல்லோருக்கும் ஒரு பெரியப்பா வாய்ப்பதில்லை. முகங்காட்டிக் கேட்க நாணுவோர்க்காக 2022 அக்டோபரில் நடுவணரசு ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிப் பணியைத் தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எவரேனும் தகாத முறையில் தீண்டினால் சிறுவர்க்கு உதவ 1098 என்னும் எண் உண்டு.

நாமக்கல்லிலிருந்து திரும்பியதும் பெரியப்பா அம்மருந்தைச் சாக்கடையில் கவிழ்த்தார். குப்பியைக் கழுவி, வண்டியச்சுக்கு இடும் விளக்கெண்ணெயை அதில் ஊற்றி, மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டார். அன்றிரவு நான் இரண்டாம் முறையும் சோறு கேட்டேன். அன்னையார் சுற்றிப்போட்ட மிளகாய் பலித்துவிட்டதென்று மகிழ்ந்தார்.