ஒன்பது கூடைகளும் ஒரு மலைச்சரிவும்

கடினமானதே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் உண்டு. முதுகலை மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அது சற்றுக் கூடுதலாகவே உண்டு. உரையின் துணையின்றிப் புரியாத பாடலை வகுப்பில் எடுக்கும்போது வருகிற நிமிர்வு, கேட்டவுடன் விளங்கிவிடுகிற பாடலை எடுக்கும்போது வருவதில்லை. அந்த எண்ணம் முதன்முதலாக ஆட்டங்கண்டது ஒரு விளையாட்டுக் களத்தில். 2023 மே மாத விடுமுறையில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்த தம்பியிடம் போயிருந்தேன்.

நான் போவதற்கு மூன்று வாரம் முன்புதான் அவனுக்கு வேலை போயிருந்தது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் வரை தவணை. அதற்குள் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். விமான நிலையத்தில் அவன் இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, மாலையில் தட்டு எறியப் போன பூங்காவில் சொன்னான்.

டிஸ்க் கோல்ஃப் என்பது அந்த ஆட்டத்தின் பெயர். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய இரும்புக் கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அதில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். எத்தனை எறிதலில் விழுந்தது என்பதே கணக்கு. குறைவாக எறிந்தவர் வென்றவர். (குழியே இல்லாத ஆட்டத்தில் ஒவ்வோர் இலக்கையும் ‘ஹோல்’ என்றே சொல்கிறார்கள். பொருள் போன பின்னும் சொல் தங்கிவிடுவது நம் மொழியில் மட்டும் நடப்பதில்லை போலும்.) ஃபிரிஸ்பி தட்டைச் சீராகப் பறக்கும்படி திருத்தியமைத்த எட் ஹெட்ரிக், 1975-இல் பாசடேனாவுக்கு அருகே ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்களே இலக்கு. பட்டதா படவில்லையா என்ற சச்சரவைத் தீர்க்கவே சங்கிலியும் கூடையும் வந்தன. 2002-இல் அவர் இறந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்களாம். அஸ்தி கரைக்க இப்படியும் ஒரு வழி.

தம்பி வீட்டருகே இருந்தது ஒன்பது கூடைகள் கொண்ட எளிய களம். சமதரைப் புல்வெளி, எட்டி எட்டி நிற்கும் சில மரங்கள். பெரும்பாலான கூடைகள் 250 அடிக்குள். வலக்கைக்காரர் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, வேகம் தணியும்போது இடப்புறம் சாயும். அங்கே அந்தச் சாய்வால் நான்கடி நடை கூடும், அவ்வளவே. நான் ஐந்து, ஆறு என்று எறிந்து முடித்துக் குழந்தைபோல மகிழ்ந்தேன். தம்பியோ எட்டுக் கூடைகளை இரண்டிரண்டு எறிதலில் முடித்துவிட்டு, ஒன்பதாவதில், பத்தடி தூரத்திலிருந்து போட வேண்டியதைத் தவறவிட்டான். தட்டைத் தரையில் ஓங்கி அறைந்தான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

“விளையாட்டுதானேடா” என்றேன்.

“இங்க நல்லா ஆடினா யாரும் மதிக்கமாட்டாங்கக்கா. எல்லாரும்தான் ரெண்டுல முடிக்கிறாங்க. தப்பினா மட்டும்தான் தெரியும்.”

எளிய களத்தின் கொடுமை அவன் சொன்ன பிறகே எனக்கு உறைத்தது. கணக்குப்படி அங்கே ஒவ்வொரு கூடைக்கும் மூன்று எறிதல் உண்டு. ஆனால் தேர்ந்தவன் இரண்டில் முடித்தாக வேண்டும். முடித்தால் ஆதாயமில்லை, முடிக்காவிட்டால் இழப்பு. பழி சொல்ல மரமும் இல்லை, பள்ளமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வளைந்து வளைந்து மலையேறும் 17-ஆம் நெடுஞ்சாலை வழியாக சான்ட்டா குரூஸுக்குப் போனோம். அங்கே டெலவியாகா பூங்காவில் 1984-இல் திறக்கப்பட்ட களம் புகழ்பெற்றது. ஓக் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய வழிகள், அவற்றையொட்டிச் சரிந்திறங்கும் பள்ளங்கள், பள்ளத்தில் தொட்டால் தோல் கொப்பளிக்கும் ‘பாய்சன் ஓக்’ செடி. சரிவின் விளிம்பில் நிற்கும் கூடைக்கு எறிந்து தவறினால், தட்டு விளிம்பின் மேல் நிமிர்ந்து சக்கரம்போல் உருண்டு கீழே போய்விடுகிறது. மூன்றில் முடிய வேண்டியது ஆறாகிறது. பூங்காவில் நாலடியோடு போன அதே இடப்புறச் சாய்வு, இங்கே தட்டையே விழுங்கியது.

நான் ஒன்பது எறிதலுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்தக் களத்தில் நான் கற்றது எதுவுமில்லை. எந்தத் தவறு என்னுடையது, எது மரத்தினுடையது என்று பிரித்தறியவே முடியவில்லை. (முதல் பருவத்திலேயே கடும் பாடலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மாணவர்கள் திணறுவதைப் பாடலின் பெருமையாக எண்ணிக்கொண்ட ஆண்டுகள் நினைவுக்கு வந்தன.) தம்பியோ கூடைக்குக் கூடை தோற்றுக்கொண்டே சிரித்தான். மரத்தில் பட்டுத் தட்டு பின்னோக்கித் தெறித்தபோது வாய்விட்டே சிரித்தான். எதிரே வந்த அந்நியர் ஒருவர், அவன் மூன்றில் முடித்த ஒரு கூடைக்குக் கைதட்டிவிட்டுப் போனார். பூங்காவில் மூன்று என்றால் அவமானம்.

27-ஆவது இலக்குக்கு ‘உலகின் உச்சி’ என்று பெயர். மேட்டிலிருந்து கீழ்நோக்கி 500 அடிக்கு மேல். தொலைவில் மான்டரே வளைகுடா. தனக்கு மிகப் பிடித்த ஆரஞ்சுத் தட்டை எடுத்து எறிந்தான். அவ்வளவு நேரம் ஒரு பொருள் காற்றில் தங்கி நான் பார்த்ததில்லை. பிறகு இடப்புறம் சாய்ந்து, மரங்களுக்குள் மறைந்தது. அரை மணி நேரம் தேடினோம்.

“விடுக்கா. அடியில என் போன் நம்பர் எழுதியிருக்கேன். கிடைச்சா யாராவது கூப்பிடுவாங்க. இங்க அது வழக்கம்” என்றவன், காரில் ஏறும்போது, “இன்னும் 26 நாள் இருக்கு” என்றான்.

ஜூன் இறுதியில் அவன் கோவைக்குத் திரும்பிவிட்டான். இப்போது சரவணம்பட்டியில் வேலை. அந்த அமெரிக்க எண்ணை வரும்போதே விட்டுவிட்டு வந்தான். இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கும்.