கூலிக்குப் பிடித்த துப்பாக்கி

காவல் மிகப் பழைய தொழில். ஊருக்கு ஒரு காவற்காரன் இருந்த காலத்தில் அவன் கையில் ஒரு தடியும் ஓர் அரிக்கன் லாந்தருமே இருந்தன. அவன் பிழை செய்தால் அழைத்து விசாரிக்க ஊர் இருந்தது. அவன் பெயரும் அவன் தகப்பன் பெயரும் ஊரார் எல்லோருக்கும் தெரியும். இன்றோ காவல் பெரியதொரு வியாபாரமாகிவிட்டது. காவலுக்கு நிற்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர்; வேலையிடுபவர் இன்னொருவர்; அவரால் காக்கப்படுபவர் வேறொருவர். அவர் கையிலுள்ள துப்பாக்கி அநியாயமாய் வெடித்து ஓர் உயிர் போய்விட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பதின்மூன்று ஆண்டுகள் அலைந்த ஒரு வழக்கைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். ஈராக்கின் தலைநகராகிய பக்தாத் நகரில் நிசூர் சதுக்கம் என்னும் நாற்சந்திக்குள் நான்கு கவச வாகனங்கள் நுழைந்தன. அவற்றில் இருந்தவர்கள் அமெரிக்கப் படையினர் அல்லர். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் அதிகாரிகளைப் பாதுகாக்க ஒப்பந்தம் பெற்றிருந்த ‘பிளாக்வாட்டர்’ என்னும் தனியார் கம்பெனியின் காவலர்கள். நகரின் வேறோரிடத்தில் குண்டு வெடித்ததனால் வழியைக் காக்க வந்தவர்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள். சிறிது நேரத்தில் சுடவும் தொடங்கினார்கள். முதலில் சுடப்பட்ட வெள்ளைக் காரில் ஒரு மருத்துவ மாணவரும், வைத்தியராகிய அவருடைய தாயாரும் இருந்தனர். இருவரும் மாண்டனர். வேறொரு காரின் பின்னாசனத்தில் தந்தையுடன் வந்த ஒன்பது வயதுச் சிறுவன் தலையில் குண்டுபட்டு இறந்தான். சூடு ஓய்ந்தபோது பதினேழு பேரின் உயிர் போயிருந்தது. இருபது பேரளவில் காயமுற்றிருந்தனர்.

தம்மை நோக்கி முதலில் எவரோ சுட்டனர் என்றே காவலர் கூறினர். கார்க் குண்டுகள் நாள்தோறும் வெடித்த அக்காலப் பக்தாதில் அச்சம் எவருக்கும் இயல்பே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் சொந்தப் புலனாய்வுப் பகுதியினரே விசாரித்து, பதினேழு மரணங்களில் பதினான்கிற்கு எவ்வித நியாயமும் இல்லை என்று கண்டனர்.

இவ்வரலாற்றை நாம் வீட்டில் எடுத்துக் கூறியபோது, உயர்தர வகுப்பில் படிக்கும் எம் மகள் இடைமறித்துக் கேட்டாள்: “அவையள் பட்டாளத்துக்காரர் இல்லைத்தானே அப்பா? காசுக்கு வேலை செய்யிற ஆக்கள். அப்ப ஏன் அந்த நாட்டுப் பொலிஸ் அவையளைப் பிடிக்கேல்லை?”

நல்ல கேள்வி. இதற்கு விடை ஒரு கடதாசித் துண்டில் இருந்தது. 2004 ஜூன் மாதத்தில், ஈராக்கின் ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைப்பதற்குச் சற்று முன்பு, அங்கு நிருவாகியாய் இருந்த போல் பிரெமர் ‘17ஆம் இலக்கக் கட்டளை’யில் கையொப்பமிட்டார். வெளிநாட்டு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தம் கடமையின்போது செய்தவற்றிற்கு ஈராக்கின் சட்டம் அவர்களைத் தொடக்கூடாது என்பது அதன் சாரம். தெருவில் விழுந்தவர் ஈராக்கியர், தெருவும் ஈராக்கினது, ஆனால் நீதிமன்றம் மட்டும் கடல் கடந்து இருந்தது.

கடல் கடந்த அந்நீதிமன்றத்திலும் வழி நேராக இருக்கவில்லை. வெளிநாட்டிற் குற்றம் புரியும் ஒப்பந்தக்காரரை விசாரிக்க அமெரிக்காவில் இருந்த சட்டம் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணியை ஒட்டி எழுதப்பட்டது. இவர்களோ இராஜாங்கத் திணைக்களத்தின் ஆட்கள். இச்சட்டம் தம்மைக் கட்டாது என்று எதிரிகளின் சட்டத்தரணிகள் வாதித்தனர். அன்றியும், சம்பவம் நடந்த உடனே, ‘உங்கள் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகப் பயன்படாது’ என்ற உறுதியின்பேரில் அதிகாரிகள் காவலரிடம் வாக்குமூலம் பெற்றிருந்தனர். அதன் நிழல் வழக்கிற் படிந்துவிட்டதென்று கூறி, 2009ஆம் ஆண்டின் கடைசி நாளன்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

2014இல் வாஷிங்டனில் வழக்கு விளங்கியபோது ஏறத்தாழ முப்பது ஈராக்கியர் கடல் கடந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறினர். நம்மை மிகவும் உருக்கியது இச்செய்தியே. அவர்கள் சாதாரண குடும்பத்தினர். தம் பிள்ளைகளைச் சுட்டவர்களின் நாட்டிற்கே சென்று, அந்நாட்டு ஜூரிமாரின் முகத்தைப் பார்த்துத் தம் கதையைக் கூறினர். ஜூரிமார் அதனை நம்பினர். நான்கு காவலர் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். 2015இல் ஒருவருக்கு ஆயுட்காலச் சிறையும், மற்ற மூவருக்கும் முப்பது ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டின் பின் மூவரின் தண்டனை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. ஆயுட்தண்டனை பெற்றவரோ மறுவிசாரணையிலும் குற்றவாளியாகி, 2019இல் மீண்டும் அதே தண்டனையைப் பெற்றார்.

பின்னர் 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி வந்தது. பதவியிலிருந்து இறங்கவிருந்த ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், அந்நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். சிறைக் கதவு திறந்தது.

“அப்ப அந்தச் சனம் அவ்வளவு தூரம் போய்ச் சாட்சி சொன்னது எல்லாம் வீண்தானே?” என்று மகள் கேட்டாள். அவள் தாயார், “வீணில்லைப் பிள்ளை. நடந்தது பொய்யெண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது” என்றாள். மகள் சமாதானமடையவில்லை. “உண்மை மட்டும் கிடைச்சால் போதுமோ அம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். உண்மையைக் கூறின், நாமும் சமாதானமடையவில்லை. மன்னிப்பு தண்டனையை நீக்குமே தவிர நடந்ததை நீக்காது. ஆயினும், மன்னிக்கும் உரிமை முதலில் எவருடையது? பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையை ஒரு வார்த்தை கேளாமல் வழங்கப்படும் மன்னிப்பிற்கு அப்பெயர் பொருந்துமா? அமெரிக்கா ஓர் உயிருக்குப் பத்தாயிரம் டொலர் கொடுக்க முன்வந்தபோது, பணத்தைவிடத் தவற்றை ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லையே பெரிதாய் வேண்டியவர்களும் அக்குடும்பங்களில் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இருப்பினும், அந்த இரத்தம் முற்றாக வீண்போயிற்று என்று கூறுவதும் முறையன்று. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அமெரிக்க ஒப்பந்தக்காரருக்கு இருந்த விலக்கு ஒழிந்து, ஈராக்கின் சட்டம் அவர்களையும் கட்டிற்று. அதற்கு முன், 2008 செப்டெம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்ற்றோ நகரில் பதினேழு நாடுகள் கூடி, தனியார் காவற் கம்பெனிகளைப் பற்றி அரசுகளுக்குள்ள கடமைகளை எழுதி வைத்தன. அமெரிக்காவும் ஈராக்கும் அவற்றுட் சேர்ந்தவையே. காவலைக் கூலிக்குக் கொடுக்கலாம். பொறுப்பைக் கூலிக்குக் கொடுக்க முடியாது என்பதே அப்பத்திரத்தின் உட்பொருள் என நாம் கொள்கிறோம். எனினும் அது சட்டமன்று. அரசுகளின் மனச்சாட்சியை நம்பி நிற்பது.

நம் ஊர் வங்கி வாசலிலும் ஒரு காவலாளி நிற்கிறார். அவர் பெரும்பாலும் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைவர். இரவு பகல் பாராமல் நின்று உழைப்பவர். அவரைச் சந்தேகிக்கும்படி நாம் சொல்லவில்லை. அவரை அங்கே நிறுத்தியவர்களைக் கேட்கவேண்டிய கேள்விகளே உண்டு. அவருக்கு ஆயுதம் கொடுத்தவர் பயிற்சியும் கொடுத்தாரா? எப்போது சுடலாகாது என்று கற்பித்தாரா? பிழை நேர்ந்தால் முன்னே வந்து நிற்பாரா, ஒப்பந்தக் கடதாசியின் பின்னே ஒளிவாரா?

மாணவர்களே, உங்களுள் நாளை சட்டம் படிப்போரும், நிருவாகத்திற் சேர்வோரும், கம்பெனி நடத்துவோரும் இருப்பீர்கள். கையொப்பம் இடும் இடத்தில் நீங்கள் அமரும்போது, எவரையும் சட்டத்திற்கு வெளியே நிறுத்தும் ஒரு வரி உங்கள் முன் வந்தால், பேனையைக் கீழே வைத்துவிட்டு அதனை இன்னொரு முறை வாசியுங்கள். 2004இல் இட்ட ஒரு கையொப்பத்தின் விலையை 2007இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் செலுத்தினான்.