ஈரக் கை

ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலையொன்றில் குச்சிக்கிழங்கை உரித்துக் கழுவியவள் அம்மா. நாளெல்லாம் நீரில் கிடந்த கைகள் இரவில் வெடித்திருக்கும். ஈரத்திலேயே இருக்கும் கை எப்படி வறளும் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. தோலின் கொழுப்பை நீர் அலசிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு உள்ளிருக்கும் ஈரமும் தங்குவதில்லை.

அம்மா கொட்டமுத்து எண்ணெய் பூசுவாள். அந்த வாடைக்கு நான் தள்ளிப் படுப்பேன். (ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சி நிலையம், கையை வெடிக்கவைத்த பயிரும் அதற்குப் பூசிய பயிரும் ஒரே மண்ணுக்குரியவை.)

அவள் தோலே எனக்கும் வாய்த்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய வாசனைக் களிம்பு முகத்தில் தீயாய் எரிந்தது. தோல் மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார்: வாசனை சேர்க்காதது வேண்டும், நீரைப் பிடித்துவைக்கக் கிளிசரின், அது ஆவியாகாமல் மூட வாசலின், குளித்த ஈரம் காயுமுன் பூச வேண்டும். மூடும் வேலையை அம்மாவின் எண்ணெயும் செய்ததுதான். அவள் காய்ந்த கையில் பூசினாள், அவ்வளவே.

சென்ற மார்கழியில் அவள் கைகளைக் கழுவி, ஈரத்தோடு கிளிசரின் களிம்பைத் தடவினேன்.

"வாசமே இல்லையே, இதென்ன மருந்து?" என்றாள்.