கதவுக்குக் கணக்கு உண்டு, தட்டுக்கு இல்லை

இருக்கிற அலமாரியை உடைக்காமல் பெரிதாக்கித் தருகிற தச்சர் ஒருவர் அம்பத்தூரில் இருப்பதாக நண்பர் சொன்னபோது நான் அவ்வளவாக நம்பவில்லை. சென்னை அடுக்ககங்களில் படுக்கையறை அலமாரியைச் சுவரோடு சேர்த்து அறைந்துவிட்டால், வீட்டை விற்கும்போதுதான் அதற்கும் விடுதலை. நண்பர் வீட்டிலோ நிலைமை மாறிவிட்டது. ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்து தங்கிவிட்டார். குட்டிக் கவுன்கள் அடுக்கியிருந்த தட்டுகளில் இப்போது மகளின் பள்ளிச் சீருடையும் சுடிதாரும் திணறுகின்றன. அலமாரி செய்து கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்கிறார். வந்த பையன் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, “அந்த மாடலே இப்ப வர்றதில்ல சார், மொத்தமா எடுத்துட்டுப் புதுசு போட்டுக்கலாம்” என்றானாம். மாடுலர், எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம் குறைக்கலாம் என்று சொல்லி விற்ற அதே நிறுவனம்தான்.

பட்டறை தொழிற்பேட்டைக்குள் இல்லை, அதை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கூரைக்குக் கீழே. உள்ளே நுழைந்ததும் மரத்தூளும் பசையும் கலந்த வாடை. ஒரு பேனல் ரம்பம், விளிம்பில் பட்டை ஒட்டும் இயந்திரம், வரிசையாகத் துளை போடும் இயந்திரம். மூன்றுமே எங்கோ மூடிப்போன தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் கையாக வந்தவை. வேலை செய்யும் பையன்களில் இருவர் பீகார், ஒருவன் செய்யாறு. எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுகிற மனிதருக்கு அறுபதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் பென்சில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், காதில் செருகியிருந்தார்.

வெட்டுவதையும் மைக்கா ஒட்டி அழுத்துவதையும் செய்யாறு பையன் எனக்கு ஆர்வமாக விளக்கினான். சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதியில் சுவாரசியமும் இல்லை. என் கண் சுவரில் ஆணியில் தொங்கிய ஓர் இரும்புப் பட்டையிலேயே இருந்தது. இரண்டடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், நடுவில் நேர்வரிசையாகத் துளைகள்.

“அது ஜிக் சார். லேத்துல குடுத்து நானே அடிச்சு வாங்கினது. இது இல்லன்னா எனக்குப் பொழப்பு இல்ல.”

அந்தத் துளைகளின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே வீடுகள் வேகமாக வேண்டியிருந்தன, நல்ல மரம் கிடைக்கவில்லை. பலகைகளை வெட்டி, ஒரே அழுத்தில் பல துளை போடும் இயந்திரத்தில் விட்டார்கள். அதன் பற்சக்கரங்களை 32 மில்லிமீட்டரைவிட நெருக்கி வைப்பது அன்று சிரமமாக இருந்ததால் துளைக்குத் துளை 32 என்று நின்றுவிட்டது என்பார்கள். பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி ஒரு வரிசை, துளையின் விட்டம் 5 மி.மீ. தட்டைத் தாங்கும் முளை, கீலின் அடித்தகடு, டிராயரின் சேனல் எல்லாம் இந்த ஒரே வரிசையில் உட்காரும்படி கம்பெனிகள் தங்கள் சாமான்களை அமைத்தன. ஜெர்மன் கீலோ, ஆஸ்திரியக் கீலோ, சீனத்தில் செய்து சைடன்ஹாம்ஸ் சாலைக் கடையில் எடைக்கு விற்கிற கீலோ, எல்லாம் அதே வரிசைக்குப் பொருந்தும். கீழிருந்து மேல்வரை அந்த வரிசை முழுதாக இருக்கிற பெட்டியில் இன்று சட்டை தொங்கலாம், அடுத்த வருடம் அதே இடத்தில் நாலு தட்டு வரலாம், அதற்கடுத்த வருடம் டிராயர்.

“அப்படின்னா எல்லாக் கம்பெனியும் வரிசை முழுக்க ஓட்டை போட்டே குடுத்துடலாமே?” என்றேன்.

“மெஷினுக்கு ரெண்டு ஓட்டையும் ஒண்ணுதான், இருபது ஓட்டையும் ஒண்ணுதான் சார். கஸ்டமருக்குத்தான் புடிக்காது. பூச்சி அரிச்ச மாதிரி இருக்குதேம்பாங்க. அதனால தட்டு வர்ற எடத்துல மட்டும் நாலு ஓட்டை போட்டு அனுப்பிடுறான். அப்புறம் தட்டை ஒரு சாண் எறக்கணும்னாக்கூட ஆள் வேணும்.”

மேஸ்திரிக்கு ஊர் விருத்தாசலம் பக்கம். அப்பா கதவு, நிலை, ஜன்னல் செய்த ஆசாரி. இழைப்புளியும் கொட்டாப்புளியுமாகப் பத்து வயதில் கை பழகியது. அப்பாவின் தேக்கு வேலையில் எதையும் பிற்பாடு கழற்றும் யோசனையே கிடையாது, பொருத்தினால் பொருத்தியதுதான். எண்பதுகளின் கடைசியில் சென்னைக்கு வந்து வீடு வீடாகப் ப்ளைவுட் வேலை. வீட்டுக்காரர் பால்கனியிலேயே அறுத்து, பெவிகால் தடவி, ஆணி அடித்து, மைக்கா ஒட்டி, பாலிஷ் போட்டு மூன்று வாரத்தில் அலமாரி. அந்த வேலையில் ராஜஸ்தான் தச்சர்களின் வேகத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை என்று அவரே சொல்கிறார். பிறகு ஒரு மாடுலர் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கேதான் 32-ஐப் பார்த்தார்.

பார்த்ததும் கையால் செய்து பார்த்திருக்கிறார். தச்சனுக்கு 8 நூல் ஓர் அங்குலம். 32 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 10 நூல். டேப் வைத்துப் பத்துப் பத்து நூலாகக் குறித்துக்கொண்டே போனார். பத்து நூல் என்பது 31.75 மி.மீ.; துளைக்குக் கால் மில்லிமீட்டர் குறைகிறது. இருபதாவது துளைக்கு வரும்போது 5 மி.மீ., அதாவது ஒரு முழுத் துளையின் அளவு, விலகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விலகினால் தட்டு மட்டமாகத்தான் நிற்கும். தொழிற்சாலையில் செய்த கதவைக் கொண்டுவந்து மாட்டும்போதுதான் சங்கதி வெளியே வரும். “கால் மில்லி என்னைக் கவுத்துட்டுது சார். அன்னைக்கே லேத்துக்குப் போனேன்.” பட்டைக்கு அவர் கொடுத்த கூலி அன்றைய அவருடைய ஒரு வாரச் சம்பளம். தொழிற்சாலை பிறகு இழுத்து மூடப்பட்டது. பட்டை மட்டும் அவரோடு வந்தது.

மேடவாக்கத்தில் நண்பரின் வீட்டுக்கு மேஸ்திரி வந்தபோது முதலில் அளந்தது அலமாரியை அல்ல, அம்மாவின் டிரங்குப் பெட்டியை. கல்யாணத்தின்போது வந்த பெட்டியாம், அதை விட்டுவிட்டு வர அம்மா சம்மதிக்கவில்லை. நண்பர் அதைப் பரணில் ஏற்றிவிடும் எண்ணத்தில் இருந்தார். “பரண்ல போட்டா அம்மா எப்படிப்பா எடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டு மேஸ்திரி தாளில் குறித்துக்கொண்டார். அப்புறம் அம்மாவை நிற்கச் சொல்லி, முழங்காலுக்கும் தோளுக்கும் உயரம் எடுத்தார். வயதானவர்களுக்கு அதற்கு நடுவில் இருக்கும் இடம்தான் அலமாரி, மற்றது மருமகளுக்கு என்றார். நண்பரின் மனைவி சிரிக்கவில்லை.

பழைய அலமாரி 7 அடி உயரம், 6 அடி அகலம், மூன்றடியில் இரண்டு பெட்டி. சுவரில் இன்னும் இரண்டரை அடி வெறுமனே கிடந்தது. அங்கே ஒன்றரை அடிப் பெட்டி ஒன்றை நிறுத்தி, பழைய பெட்டியின் பக்கப்பலகையோடு போல்ட் போட்டு இறுக்கினார். சென்னைச் சுவர் எதுவும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதில்லை. அதனால் சுவரோரம் ஒரு ஃபில்லர் பட்டையை விட்டு, அதைச் சுவரின் கோணலுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துவது மட்டும் அரை நாள் பிடித்தது. பழைய பெட்டி பார்ட்டிகிள் போர்டு. குளியலறைச் சுவரை ஒட்டிய அடிப்பலகை ஈரம் குடித்து உப்பியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட ப்ளைவுட்டை வைத்தார். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. கழற்றிய திருகாணி பார்ட்டிகிள் போர்டில் மறுமுறை பிடிக்காது. ஓட்டையைப் பெரிதாக்கி, மரமுளையைப் பசை வைத்து அறைந்து, அதன் மேல் திருகினார்.

பக்கப்பலகைகளில் நாலு நாலு துளைதான் இருந்தன. கீலின் பழைய துளையிலிருந்து ஜிக்கை ஒட்டி வைத்து, பலகையை முழுதாகத் துளைத்துவிடாதபடி டிரில் பிட்டில் ஒரு வளையம் மாட்டி, மேலும் கீழும் வரிசையை நீட்டினார். ஒரு பெட்டியில் நீளமாகத் துணி தொங்கிய இடத்தை இரண்டாக்கி மேலொன்று கீழொன்றாகக் கம்பி. மகளின் சட்டையும் சுடிதாரும் தொங்க அந்த உயரமே ஏராளம். இன்னொரு பெட்டியில் அம்மாவின் புடவைகளுக்குக் கைக்கு எட்டும் தட்டுகள். மூன்றடித் தட்டில் பட்டுப்புடவையை அடுக்கினால் 18 மி.மீ. பலகையும் தொய்யும், அடிக்கு அதே பாரம் இருக்க, நீளம் இரட்டிப்பானால் தொய்வு பதினாறு மடங்கு. அதனால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுத்தார்.

நிறம்தான் சிக்கல். மைக்கா கம்பெனிகள் ஆல்பத்தை அடிக்கடி மாற்றுகின்றன. அந்த வெளிர்சாம்பல் இப்போது வருவதில்லை. கிடைத்திருந்தாலும் ஏழு வருட வெயில் பட்ட பழைய கதவுக்குப் பக்கத்தில் புதியது பல்லிளிக்கும். மேஸ்திரி புதுப் பெட்டிக்குக் கதவே போடவில்லை. பாதிக்குக் கண்ணாடி, மீதி திறந்த தட்டு. “ஒண்ணாட்டம் காட்டப் போனாத்தான் ஒட்டு தெரியும் சார். வேறன்னு தெரிஞ்சிட்டா யாரும் பாக்க மாட்டாங்க.” புதிதாக அலமாரி செய்பவர்களிடம் ஒரு மைக்கா ஷீட்டைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவைக்கச் சொல்கிறார். யாரும் கேட்பதில்லை. அந்தப் பணத்தில் விளக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இனி காசு. இந்த ஊரில் அலமாரிக்கு விலை சொல்வது முகப்பின் சதுர அடிக்கு. 7 அடிக்கு 6 அடி என்றால் 42 சதுர அடி. உள்ளே ஒரே ஒரு தட்டு இருந்தாலும் 42, பத்து இருந்தாலும் 42. ஆகவே முதல் முறை விற்கும்போது உள்ளே எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு லாபம். பின்னால் தேவை மாறும்போது கூடுவது முழுக்க உள்ளேதான்: தட்டு, டிராயர், கம்பி. முகப்பு ஓர் அங்குலமும் வளராது. இந்தக் கணக்கின்படி அந்த வேலைக்கு விலை பூஜ்யம். பின் எந்த நிறுவனம் அதைச் செய்ய ஆள் அனுப்பும்? மொத்தமாகப் பிடுங்கிப் போட்டால் மறுபடியும் 42 சதுர அடி.

அந்த 42-க்குள் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. வரைபடம் போட்டவருக்குப் ப்ளைவுட் கடையிலிருந்து ஒரு பங்கு, கீல் கடையிலிருந்து ஒரு பங்கு. வேலை பிடித்துக் கொடுத்தவருக்கு ஒரு பங்கு. தச்சனையும் விட்டுவைக்கவில்லை, பசை வாளிக்குள் அவனுக்கென்று ஒரு டோக்கன். மேஸ்திரியும் வாங்கியிருக்கிறார், மறைக்கவில்லை. எல்லாப் பங்கும் புதுச்சரக்கு வாங்கினால்தான் வரும். பழைய பெட்டியில் நாலு முளையைச் செருகித் தட்டு வைத்தால் யாருக்கு என்ன கமிஷன்? கதவைத் திறந்து மூடி, மாற்றிக் கொள்ளலாம் மாற்றிக் கொள்ளலாம் என்று விளம்பரத்தில் சிரிக்கிறவர்கள், மாற்றக் கூப்பிடுகிற அன்றைக்குத் தொலைபேசியை எடுப்பதில்லை. இருபது வருடம் உழைக்க வேண்டிய பலகை ஏழாம் வருடம் குப்பை லாரியில் ஏறுகிறது, அதற்கு வாடகையும் வீட்டுக்காரர் தலையில். வேறு விதமாகச் செய்ய முடியாது என்பதும் இல்லை. டீட்டர் ராம்ஸ் 1960-இல் வடிவமைத்த 606 தட்டு அமைப்புக்கு இங்கிலாந்தில் ஒரு கம்பெனி இன்றுவரை உறுப்புகளைச் செய்கிறது. தட்டு போதவில்லை என்றால் மேலும் வாங்கிப் பழையதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2018-இல் ஹைதராபாத்தில் கடை திறந்த ஐக்கியாவின் பாக்ஸ் அலமாரியை 50, 75, 100 செ.மீ. சட்டங்களாகத் தனித்தனியே வாங்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே போகலாம். அளவை மாற்றாமல் வைத்திருப்பதுதான் அங்கே தொழில். நம்மூரில் அளவு ஆளுக்கு ஆள், வருடத்துக்கு வருடம்.

மேஸ்திரி சதுர அடிக் கணக்கை விட்டுவிட்டார். ஆள் கூலி நாளுக்கு இவ்வளவு, பலகையும் கீலும் கடை ரசீதின்படி, வண்டி வாடகை தனி. தாளை நண்பர் மனைவியிடம் நீட்டினார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். கணக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தார்.

“புதுப் பெட்டி பத்தரை சதுர அடிதானே வருதுண்ணா? இவ்ளோ எப்படி?”

“பெட்டி ரெண்டு நாள்மா. மீதி மூணு நாள் உள்ளாறதான் வேலை.”

“உள்ள சும்மா தட்டுதானே மாத்தினீங்க?”

மேஸ்திரி பதில் சொல்லாமல் பழைய பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மா ஏற்கெனவே குனிந்து டிரங்குப் பெட்டியைப் பாதி வெளியே இழுத்திருந்தார். அடியில் சேனல் வைத்த பலகை, பாரத்தோடு வந்தது. கணக்கு கொஞ்சம் குறைக்கப்பட்டு, ஜி.பே.யில் போனது.

இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே அவருக்கு வேளச்சேரியிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினார். எட்டடி அலமாரி, பத்தடியாக வேண்டுமாம்.

“தெறக்குற கதவா, தள்ளுற கதவா சார்?”

ஸ்லைடிங் என்றது எதிர்முனை.

“அது மேலயும் கீழயும் ஒரே நீளத் தண்டவாளம் சார், நடுவுல ஒட்டுப் போட்டா கதவு தட்டி நிக்கும். ஸ்லைடிங்க எடுத்துட்டுக் கீல் கதவு போட்டுக்கறீங்கன்னா சொல்லுங்க, ஞாயித்துக்கெழமை வந்து அளவு எடுக்கறேன்.”